நல்ல தண்ணீரில் கழுவிய எஞ்சின்

ஜூன் 3, செவ்வாய்

பெட்டி இன்னும் கூடத்து மூலையில்தான் இருக்கிறது. அண்ணன் அதன்மேல் ஹெல்மெட் வைக்கப் பழகிவிட்டான்.

ஆரோவில்லில் அவன் வேலை செய்யும் விடுதியில் நெடுநாள் தங்கியிருந்த ஒருவர், ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. ரிமோட்டில் ஓடும் கார். பேட்டரியில் ஓடுவது இல்லை, நைட்ரோ. உள்ளே எலுமிச்சை அளவில் நிஜ எஞ்சின். அதற்கென்று ஒரு கேன் எரிபொருள். புகை, சத்தம் எல்லாம் உண்டு. கயிற்றை இழுத்துக் கிளப்ப வேண்டும். அண்ணன் இரண்டு ஞாயிறு இழுத்தான். கிளம்பவில்லை.

இன்று சாப்பிடும்போது சொன்னான்: "சகாயராஜ்கிட்ட சொல்லிட்டேன். இருபத்திரெண்டாந்தேதி ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்கினு போறான்." சகாயராஜ் பாண்டிச்சேரியில் அவனோடு படித்தவன். இந்த மாதிரிக் கார்களை வைத்து ஓட்டுகிறவன்.

நான் ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன். ஏன் சொன்னேன்?

"நீயா? இலக்கியா, இது புஸ்தகம் இல்லடி. கயிறு."

"அதான்."

சிரித்தான். பிறகு அம்மா முன்னால்: "அவன் வர்றப்ப ஒரு டேங்க் முழுசா தரையில ஓட்டிக் காட்டு. கார் ஒனக்கு. சகாயராஜ்கிட்ட நான் பேசிக்கிறேன்."

ஜூன் 4

ஏன் சொன்னேன் என்று யோசித்தேன்.

ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் போன மழைக்காலத்தில் நின்றது. பல்கலைக்கழக விடுதியைக் காலி செய்து வீட்டுக்கு வந்ததும் அப்போதுதான். இங்கே யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. உடம்பு சரியில்லாதவர் படுத்திருக்கும் அறையைக் கடப்பதுபோல் சத்தமில்லாமல் கடக்கிறார்கள். கார் விஷயத்தில் மட்டும் அண்ணன் வாய்விட்டுச் சிரித்தான். பிடித்திருந்தது.

எதையாவது ஒன்றை முடிக்க வேண்டும். சின்னதாக இருந்தாலும்.

கையேட்டைப் படித்தேன். புது எஞ்சினை முதல் நாளே விரட்டக் கூடாதாம். முதல் சில டேங்க் எரிபொருளை மெதுவாக, நடுநடுவே ஆறவிட்டு ஓட்ட வேண்டும். உள்ளே இரும்பும் இரும்பும் பழகும்வரை. அதற்கு முன் அவசரப்பட்டால் ஆயுள் குறையும். முன்னுரை இல்லாத நூல். நேராக விஷயத்துக்கு வருகிறது.

ஜூன் 6

இழுத்தேன். இழுத்தேன். உள்ளங்கையில் கொப்புளம்.

ஒரு கட்டத்தில் கயிறே நகரவில்லை. எஞ்சினுக்குள் எரிபொருள் தேங்கிவிட்டதாம். மேலே இருக்கும் பிளக்கைக் கழற்றி இழுத்ததும் பீய்ச்சி முகத்தில் அடித்தது. கண் எரிகிறது. ஆமணக்கெண்ணெயும் ஸ்பிரிட்டும் கலந்த வாசனை. இந்தத் தாளிலும் வருகிறது.

மாலை. அண்ணன் வேலையிலிருந்து வந்தான். அம்மா வழக்கம்போல வாளியோடு குழாயடியில். பகலில் அவள் உப்பளத்திலிருந்து வந்ததும் முதலில் காலும் கையும், பிறகு உப்பு வாரும் பலகை. மாலையில் அண்ணனின் பைக். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இந்தச் சத்தம்தான். உப்புக் காற்றில் நின்ற பொருளை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் விட்டால் மறுவாரம் துரு. பூட்டு, ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின். நான் செருப்பைக்கூடக் கழுவாமல் உள்ளே வைத்ததில்லை.

அண்ணன் என் கையைப் பார்த்தான். "என்னா பேராசிரியரே, பரீச்ச எப்பிடி?"

நாளையும் இழுப்பேன்.

ஜூன் 7

இன்றும் கிளம்பவில்லை.

ஜூன் 9, திங்கள்

கண்டுபிடித்தேன். வெட்கம்.

பிளக்கின் உள்ளே முடிபோல ஒரு கம்பிச் சுருள். அது சிவக்கச் சூடானால்தான் எரிபொருள் பற்றும். சூடாக்க டார்ச் மாதிரி ஒரு குச்சி. இக்னைட்டர். அதற்குச் சார்ஜ் ஏற்ற வேண்டும். அண்ணன் ஏற்றவில்லை. நானும் ஏற்றவில்லை. கையேட்டில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. முன்னுரை என்று நினைத்துத் தாண்டியிருக்கிறேன். முன்னுரை இல்லாத நூல் என்று எழுதியது நான்தான்!

சார்ஜ் ஏற்றினேன். கழற்றிய பிளக்கில் வைத்தேன். சுருள் ஆரஞ்சு நிறத்தில் கனன்றது. திரும்ப மாட்டி இழுத்தேன்.

கிளம்பியது.

கைக்குள் அதிர்ந்தது. நீலப் புகை. அம்மா அடுப்பை விட்டு ஓடிவந்தாள். "ஏண்டி, கொளவிக் கூட்டக் கலச்ச மாதிரி கத்துது!"

சில நொடிகளில் நின்றுவிட்டது. பரவாயில்லை. அதற்கு ஒரு குரல் இருக்கிறது. கேட்டுவிட்டேன்.

ஜூன் 11

செங்கல்மேல் காரை வைத்து, சக்கரம் தரையில் படாமல், முதல் டேங்க். மெதுவாக. புகையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். புகை நிறைய வந்தால் எரிபொருள் தாராளமாகப் போகிறது, எஞ்சின் சூடேறாது. புகை குறைந்தால் ஆபத்து. எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் திருகை ஒரு நூலளவு திருப்பினால் எல்லாம் மாறுகிறது.

வேறு எதையும் நினைக்காமல் இருந்தேன். அதை இப்போது எழுதும்போதுதான் உணர்கிறேன்.

ஜூன் 13, வெள்ளி

தரையில் ஓடியது. ஓடியது!

உப்பு லாரிகள் திரும்பும் திடல். குவித்த உப்புக்குக் காவல் இருக்கும் சுப்ராயன் குடிசை நிழலிலிருந்து எழுந்து வந்தார். "என்னாம்மா, வண்டிக்கு லைசென்சு இருக்குதா?"

"எட்டுப் போடச் சொல்லுங்க, போடுறேன்."

போட்டேன். எட்டு இல்லை, ஏதோ ஒரு கோணல் எண். சுப்ராயன் கைதட்டினார். வேகம் கூட்டவில்லை. கூட்டத் தோன்றியது. விரலை அடக்கிக்கொண்டேன். இன்னும் ஒரு டேங்க் பழக வேண்டும், அதன் பிறகுதான்.

திரும்பும்போது கார் முழுக்க வெள்ளை. உப்புத் தூசி. குழாயடியில் பைக் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். துடைக்க வேண்டும். களைப்பாக இருக்கிறது. நாளை.

ஜூன் 14, சனி

அம்மா காரைக் கழுவிவிட்டாள்.

பைக்கோடு சேர்த்து. வாளி வாளியாக. நான் எழுந்து வருவதற்குள் துடைத்துப் பளபளவென்று வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தாள். முகத்தில் ஒரு சந்தோஷம்.

"வெள்ளையா பூத்துக் கெடந்துச்சி. நல்ல தண்ணி வுட்டு அலசிட்டேன். அந்தக் கொழா ஓட்டையில கூட ஊத்தினேன், உள்ள உப்பு இருக்கும்ல."

குழாய் ஓட்டை. சைலன்ஸர். காற்று இழுக்கும் வாயிலும் ஊற்றியிருக்கிறாள். கயிற்றைப் பிடித்தேன். நகரவில்லை. உள்ளே தண்ணீர் சளசளத்தது.

கத்தினேன். என்னவெல்லாமோ. யாரு ஒன்ன தொடச் சொன்னா, கேட்டியா என்ன ஒரு வார்த்த, ஒனக்கு எல்லாமே பாத்திரமா, எதக் கண்டாலும் வாளியத் தூக்கிட்டு வந்துடுவியா — அப்புறம் இன்னொன்றும் சொன்னேன். என்னுடையது எதுவும் உருப்படக் கூடாதா இந்த வீட்டில் என்று.

அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "உப்பு தின்னுடுமேன்னு..." அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

தொடாதே என்று நான் சொல்லவே இல்லை. கொண்டுபோய்க் குழாயடியில் வைத்ததும் நான். இந்தத் தெருவில் குழாயடியில் ஒரு பொருளை வைத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

அண்ணன் எட்டிப் பார்த்தான். சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

ஜூன் 15, ஞாயிறு

கேட்பதற்கு ஒரே ஆள்தான். சகாயராஜ். இந்தக் கார் ஓடாவிட்டால் எடுத்துக்கொண்டு போகப்போகிறவன். அண்ணனின் போனிலிருந்து எண்ணை எடுத்து அழைத்தேன்.

"அண்ணா, நான் கலையரசன் தங்கச்சி. எஞ்சினுக்குள்ள தண்ணி போயிடுச்சி."

"எவ்ளோ?"

"அம்மா அலசிட்டாங்க."

வெடித்துச் சிரித்தான். சிரித்து முடித்து, அவசரமாக: "எப்ப? நேத்தா? இன்னிக்கே தெற. நாளைக்குன்னு வுட்டா பேரிங்கு துரு புடிச்சிடும். பிளக்கக் கழட்டு, பின்னாடி மூடி நாலு ஸ்க்ரூ, எல்லாத்தையும் தொறந்து தண்ணிய வெளிய கொட்டு. ஃப்யூவல் ஊத்திக் கழுவு, தண்ணியில கழுவாத! அப்புறம் தையல் மெஷினு எண்ண இருந்தா ரெண்டு சொட்டு."

"சரிங்கண்ணா."

"ஒண்ணு தெரியுமில்ல? நீ சரி பண்ணிட்டா எனக்குக் கார் கெடையாது."

"தெரியும்."

"அப்ப வேலயப் பாரு. போன வையி."

அதே நாள், பிறகு

அம்மாவின் எவர்சில்வர் தட்டில் திருகுகளைக் கழற்றிய வரிசையில் வைத்தேன். மின்சாரம் போயிருந்தது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மூடியைத் திறக்கப் பார்த்தேன். எச்சில் வழிந்தது.

டார்ச்சை ஒரு கை எடுத்தது. அம்மா. நேற்றிலிருந்து பேசவில்லை நாங்கள். எனக்கு எங்கே வெளிச்சம் வேண்டுமோ அங்கே பிடித்தாள்.

மூடி திறந்ததும் தண்ணீர் வழிந்தது. பழுப்பாக.

குனிந்து பார்த்துக் கேட்டாள்: "இந்த ஓட்ட எதுக்குடி?"

"காத்து உள்ள போறதுக்கு. இது வழியா இழுத்து, அது வழியா புகைய விடும்."

"மூக்கா?"

"அப்பிடித்தான்."

டார்ச் கொஞ்சம் ஆடியது. "அப்ப நான் அதும் மூக்குல தண்ணி ஊத்திட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன். அவளும். தட்டு ஆடி ஒரு திருகு உருண்டு ஓடி, இருவரும் தரையில் தவழ்ந்து தேடினோம். அரிசிப் பானைக்கு அடியில் கிடைத்தது.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. தையல் எண்ணெய் வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அடுத்த வீட்டு மேரிசெல்வியிடம் அவளே போய் வாங்கி வந்தாள். திண்டிவனம் ஆஸ்பத்திரியில் யாருக்கோ மருந்து வாங்கும் பதற்றம் நடையில்.

ஜூன் 17

கயிறு நகர்கிறது. ஆனால் உள்ளே மணல் அரைபடும் உணர்வு. ஒரு பேரிங்கில் ஊசிமுனை அளவு துரு கண்டேன். ஃப்யூவலில் கழுவி, எண்ணெய் விட்டு, கையால் சுழற்றி, திரும்பக் கழுவி. கவனம் சிதறவில்லை. இன்றைக்கு மட்டும் எத்தனை முறை என்று தெரியாது.

முடியாது என்ற எண்ணம் வருகிறது. வந்துவிட்டுப் போகட்டும். கை நிற்காமல் இருந்தால் போதும்.

ஜூன் 19

அரைபடும் சத்தம் போய்விட்டது.

ஜூன் 20

கிளம்பியது. இரண்டு டேங்க், செங்கல்மேல், முதலிலிருந்து பழக்கினேன். அம்மா வாசலில் நின்று தெருக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "கிட்ட வராதீங்க. அதுக்கு இன்னும் ஒடம்பு தேறல."

ஜூன் 22, ஞாயிறு

சகாயராஜ் காலையில் வந்தான். குட்டையான ஆள், பெரிய கைகள். தோளில் காலிப் பை. காரை எடுத்துப் போகத்தான்.

திடலுக்குப் போனோம். நான், அம்மா, அண்ணன், அவன். சுப்ராயன் உட்காரக் கவிழ்த்த கூடை போட்டார். டேங்கை நிரப்பினேன். முதலில் ரிமோட்டை ஆன் செய்தேன், பிறகு காரை. இக்னைட்டர். கயிறு. ஒரே இழுப்பு.

முதல் சுற்றுகள் மெதுவாக. சூடேறியதும் விரலை அழுத்தினேன். இவ்வளவு நாள் கொடுக்காமல் வைத்திருந்த வேகம். திடலின் கடைசியில் வரப்பு. அதற்கு அப்பால் பாத்திகள், தண்ணீர், வெயிலில் எதுவும் தெரியாத வெள்ளை. கார் என்னை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிப்போகிறது. ஒருமுறை தவறாகத் திருப்பி, வரப்புக்கு ஒரு சாண் முன்னால் வளைத்தேன். அம்மா "ஐயோ" என்றாள்.

சுற்று, சுற்று, சுற்று. பின்னால் மெல்லிய நூலாகப் புகை.

திடீரென்று குரல் மெலிந்தது. நூல் அறுந்ததுபோல் புகை குறைந்தது. டேங்கின் அடி. எரிபொருள் தீரும்போது எஞ்சின் வெறும் வயிற்றில் கத்தும், சூடேறும், அது கெடுதல். காரைக் காலடிக்குக் கொண்டுவந்து, எரிபொருள் போகும் குழாயைக் கிள்ளி நிறுத்தினேன்.

அமைதி. காதுக்குள் மட்டும் ரீங்காரம்.

அண்ணன் டேங்கைத் திறந்து பார்த்தான். அடியில் கொஞ்சம் மிச்சம்.

"முழு டேங்க்னு சொன்னேன். தீரல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பந்தயம் நினைவிலேயே இல்லை. இன்னும் அரை நிமிடம் ஓடவிட்டிருந்தால் போதும்.

"தீர வுட்டா எஞ்சின் கெட்டுடும்ணா."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. சொன்னது சொன்னதுதான்."

காரை எடுத்து சகாயராஜின் முன்னால் வைத்தேன். எஞ்சின் சூட்டில் சடசடவென்று சிணுங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு முறை கேட்டாலும் நிறுத்தத்தான் செய்வேன். அது மட்டும் தெளிவாக இருந்தது.

சகாயராஜ் குனிந்து பேரிங் பக்கம் காதை வைத்துச் சக்கரத்தைச் சுழற்றினான். நிமிர்ந்தான். "டேய் கலை, நான் மொத வண்டிய இப்பிடித் தீர வுட்டுத்தான் சாவடிச்சேன். இத எடுத்துக்கினு போற மூஞ்சி எனக்கு இல்லடா."

"பந்தயம்டா..."

"நீ கயிற இழுத்தியே, இக்னைட்டருக்குச் சார்ஜ் போட்டியா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் சொல்லவே இல்லை, சகாயராஜிடம். அவனே ஊகித்திருக்கிறான்.

அம்மா சிரிப்பை அடக்கப் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். சகாயராஜ் காலிப் பையில் சுப்ராயன் கொடுத்த இளநீரைப் போட்டுக்கொண்டு போனான்.

ஜூன் 24, செவ்வாய்

காலையில் அண்ணன் பைக்கை உதைத்துக்கொண்டிருந்தான். கிளம்பவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது. சட்டை நனைந்துவிட்டது.

மூன்றாம் அத்தியாயத்தை மேசையில் விரித்து வைத்திருந்தேன். இரண்டு பத்திகளை அடித்துத் திருத்தியிருந்தேன்.

"இலக்கியா." குரல் தணிந்திருந்தது. "கொஞ்சம் வந்து பாரேன்."

போய்க் குனிந்தேன். பைக் நேற்று மாலை கழுவிய பளபளப்பில் நின்றது. சைலன்ஸர் வாயில் பழைய புடவைத் துணி. சுருட்டி, இறுக்கமாக, தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே போகாதபடி அடைத்து.

உருவினேன். ஒரே உதை. கிளம்பியது.

உள்ளேயிருந்து அம்மா: "ஐயையோ, எடுக்க மறந்துட்டேன்!"