ஏழாம் நம்பர் கால்

என் வீட்டு நர்சம்மாவுக்கு,

ஆஸ்பத்திரியில் கைப்பையைத் திறந்தால் இதுதான் முதலில் கையில் படும். மாலை ஷிப்டுக்கு மாறும் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் படித்துவிடு.

நேற்று நீ வேலை முடிந்து வந்தபோது நான் நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தேன். கதவுச் சத்தம் கேட்டதும் கடை ஞாபகத்தில் துள்ளி எழுந்து, "வாங்கம்மா, உக்காருங்க! என்ன நம்பர் பாக்குறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

நீ சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "பதினெட்டு வருஷத்துல இன்னைக்குத்தான் வான்னு ஒரு வார்த்தை, அதுவும் தூக்கத்துல! நான் எப்ப வந்தா உங்களுக்கென்ன? சாயங்கால ஷிப்டுக்கே போயிடுறேன்."

சிரிப்போடுதான் சொன்னாய். ஆனால் நான் வியாபாரி. வாங்காமல் படியிறங்கப் போகிற முகம் எனக்குத் தெரியும்.

எவர் காலையும் பார்த்த மாத்திரத்தில் நம்பர் சொல்லும் நான், நேற்றுத்தான் உன் காலைப் பார்த்தேன். ஏழு! கல்யாணமான நாளிலிருந்து, கடையில் விற்காமல் தங்கிய ஆறாம் நம்பர் செருப்பையே உனக்குக் கொண்டுவந்திருக்கிறேன். "கடிக்குதா?" என்று கேட்காமல் யாருக்கும் ஒரு ஜோடி விற்றதில்லை. உன்னை ஒருநாளும் கேட்டதில்லை. நீயும் வாய் திறக்கவில்லை, அழுத்தக்காரி!

இன்று நீ வருமுன், ஐந்தரைக்கே கடையைப் பூட்டிவிடுவேன். நம் வீட்டு வாசலில் கடை முக்காலியைப் போட்டு, ஏழாம் நம்பரில் மெத்தென்ற ஜோடியோடு விழித்தபடி நிற்பேன். தேநீரும் நானே போடுவேன். நன்றாக இருக்காது, பொறுத்துக்கொள்.

படிவம் உன் இஷ்டம். போட்டுப் பார்த்துத் திருப்பித் தரலாம் என்று எந்தச் சரக்குக்கும் நான் சொன்னதில்லை. இந்த வரவேற்புக்குச் சொல்கிறேன். ஒரு வாரம் வந்து பார்.

இனி தினமும் எழுந்து நிற்கப் போகிற,
உன் செருப்புக்கடைக்காரன்