பிரசவத்துக்குப் பிறகு முதல் மேட்ச்

என்னங்க,

நீங்கள் ஃபோனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். கொச்சியில் மழை. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

நம் ஃபீபி பிறந்த பிறகு நேற்றுதான் என் முதல் மேட்ச். பாதி ஆட்டம்வரை வெளியே உட்காரவைத்தார்கள். உள்ளே போனதுமே எதிரணிக்காரி ஒருத்தி இடித்துத் தள்ளினாள். எங்கே வலித்தது என்று உங்களுக்கு எழுத மாட்டேன். எழுந்து ஓடினேன். கடைசியில் அவள் காலிலிருந்தே பந்தைப் பறித்து, முன்னால் ஓடிய எங்கள் அணி ஜாஸ்மினுக்குக் கொடுத்தேன். அவள் கோல் அடித்தாள். பேப்பரில் அவள் பெயர்தான் வரும். நடுவில் ஆடுகிறவளுக்கு அது பழக்கம்தான்.

நான் கிளம்பிய அன்று அத்தை, "புள்ள பெத்தவ அரை டிராயர் போட்டுக்கினு ஓடுவாளா?" என்றார்கள். ஷூ கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்த நீங்கள், "போனா அப்படியே போய்டு" என்றீர்கள். வாணியம்பாடி மைதானத்தில் என் ஆட்டத்தைப் பார்த்துத்தானே பெண் கேட்டு வந்தீர்கள்?

அப்படியே போய்விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் வருகிறேன். அது என் வீடும்தான். திரும்பும்போது ஃபீபியை அழைத்துவருவேன். கிளப்பில் அறை கேட்டு வாங்கிவிட்டேன். துணைக்கு என் அம்மா வருகிறார். இந்த சீசன் ஆடுவேன். அடுத்த சீசனும் ஆடுவேன்.

பார்க்க நீங்களும் வரலாம். நிறுத்தச் சொல்ல வராதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி,
அணியின் எட்டாம் நம்பர்.