செலெம்னோஸ் ஆற்றைக் குழாய்க்குள் அடைக்க வேண்டாம்

அனுப்புநர்:
லாம்பிரினி கொத்சீரா,
மருந்துக்கடை உரிமையாளர்,
ஆற்றுப்பாலம் அருகில், பாத்ராஸ் வட்டாரம்.

பெறுநர்:
வடிகால் பணிப் பொறியாளர் அவர்கள்.

பொருள்: செலெம்னோஸ் ஆற்றை மூடும் திட்டத்தைக் கைவிடக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் தெருமுனையில் ஓடும் ஆற்றைக் குழாய்க்குள் விட்டு, மேலே வண்டி நிறுத்துமிடம் கட்டப்போவதாக அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். அதில் 'பெயரற்ற மழைநீர் ஓடை' என்று கண்டிருக்கிறது. அளக்க வந்த ஊழியரிடம் பெயரைச் சொன்னேன். "மேப்புல இல்லாத பேர நான் எப்படிம்மா எழுதறது?" என்றார்.

ஆற்றின் பழங்கதைப்படி, செலெம்னோஸ் ஆடு மேய்த்த இளைஞன். கடற்கன்னி ஆர்கிரா அவனைத் தேடிக் கரையேறி வந்தாள். அவன் அழகு வாடியதும் வருவதை நிறுத்திவிட்டாள். ஏங்கி இறந்தவனைக் காதல் தெய்வமான அஃப்ரொதீத்தி ஆறாக்கினாள். ஆறான பின்னும் அவன் ஆர்கிராவையே நினைத்ததால், தெய்வம் மனமிரங்கி மறதியையும் கொடுத்தாள். இந்நீரில் குளித்தால் காதல் மறந்துபோகும் என்று இவ்வூரார் சொன்னதை, ரோமானியர் காலத்தில் வந்த பயணி ஒருவர் எழுதியே வைத்திருக்கிறார்.

வேதியியல் படித்த நான் இதை நம்பியதில்லை. சென்ற மே மாதம் என் தம்பி ஸ்தாதிஸின் நிச்சயம் முறிந்தது. சாப்பாட்டை வெறுத்துக் கிடந்தவன், ஒருநாள் ஆற்றில் கணுக்காலளவு நீரில் உட்கார்ந்து வாளியால் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டான். பாலத்தின்மேல் நின்ற காப்பிக்கடை ஸாக்கிஸ், "டேய், சோப்பும் போடுடா, சுத்தமாப் போயிரும்!" என்று கத்தினார். தம்பிக்கே சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, "அக்கா, பசிக்குது. என்ன இருக்கு?" என்றான். வறுத்த நெத்திலியில் எனக்கு ஒன்றும் மிச்சமில்லை.

குணப்படுத்தியது நீரா, சிரிப்பா? நீரைச் சோதித்தேன். சுண்ணாம்புச் சத்தைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை.

நானே இறங்கிப் பார்ப்பதுதான் மிச்சமிருந்த ஒரே சோதனை. செருப்பைக் கழற்றி நீரருகே போனேன். கடலுக்குப் படகோடு போய்த் திரும்பாத என் கணவர் மெனெலாவோஸ், கரை சேரும் முன்பே "லாம்ப்ரோ!" என்று கூப்பிடும் குரல் நினைவுக்கு வந்தது. இறங்காமல் திரும்பிவிட்டேன். நம்பாத ஒன்றுக்கு ஏன் பயந்தேன் என்று இன்றுவரை விளங்கவில்லை.

எனவே குழாய்த் திட்டத்தைக் கைவிட்டு, வரைபடத்தில் ஆற்றின் பெயரை எழுத உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். வண்டி நிறுத்த என் கடைக்குப் பின்னுள்ள காலிமனையைத் தரச் சம்மதம்.

தாங்களே நேரில் வந்து பார்வையிட்டால் மகிழ்வேன். தங்கள் துணைவியார்மீது பிரியம் உள்ளவராயின், கரையிலேயே நின்று பார்க்குமாறு முன்னெச்சரிக்கையாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: பாத்ராஸ்
நாள்: செப்டம்பர் 14

இப்படிக்கு,
தங்கள் வருகையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) லாம்பிரினி கொத்சீரா