துவாதசியன்று ஆப்ரேஷனுக்குப் போன என் அக்காவுக்கு

என் ஆசை ரெங்கக்கா,

நான் கண் முழிச்சிட்டேன். உன்னைப் படுக்க வைத்த மாதிரியே என்னையும் ஆப்ரேஷன் மேசையில் படுக்க வைத்தார்கள், நான் எழுந்து வந்துவிட்டேன். அதைவிடப் பெரிய சேதி ஒன்று இருக்கு, கேள்.

உன் வயிற்றுக் கட்டி ஆப்ரேஷனுக்கு முந்தின நாள் வைகுண்ட ஏகாதசி. "சொட்டுத் தண்ணி பட்டாலும் விரதம் போச்சு" என்றாள் உன் மாமியார்க்காரி. ராத்திரி பூரா முழிப்பு வேறு. விடிந்தால் துவாதசி. அகத்திக்கீரையோடு சாப்பிட வேண்டியவளை, ஆஸ்பத்திரியில் வெறும் வயிறு என்று சொன்னதால் அப்படியே ஜட்காவில் ஏற்றினோம். பாலத்துக்குக் கீழே காவேரி ஓடுது, நீ உதட்டை நக்கிக்கொண்டே வந்தாய். மயக்க மருந்து கொடுத்ததுமே பிரஷர் விழுந்து, கத்தி படுவதற்குள் போய்விட்டாய். "பயந்தாங்கொள்ளி, பயத்துலேயே உசிரை விட்டா" என்று உன் மாமியார்க்காரி தெருவெல்லாம் சொன்னாளே, நான் மறப்பேனா?

போன வாரம் எனக்குக் கர்ப்பப்பை ஆப்ரேஷன். மயக்கம் கொடுக்கிற டாக்டரம்மா கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்துப் பார்த்தாங்க.

"பிரஷர் ஏறியிருக்கே, பயமா இருக்காம்மா?"

"பயமில்லைங்க, கோபம்."

"அதுவும் ஏத்தும். யார் மேல?"

எல்லாத்தையும் சொன்னேன். அவங்க சிரிப்பு நின்றுபோச்சு.

"நான் அங்கே இல்லை, அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா பயந்தா பொதுவா பிரஷர் ஏறும்மா. உடம்புல தண்ணி வத்திக் கிடந்தா, மயக்க ஊசி போட்டதும் ரத்தக்குழாயெல்லாம் தளர்ந்து பிரஷர் கடகடன்னு இறங்கிடும். முந்தின நாள் என்ன குடிச்சாங்கன்னு யாருமே கேக்கலையா?"

யார் கேட்டார்கள், அக்கா?

எனக்கு முதலில் கையில் சலைன் பாட்டில் ஏற்றினாங்க. அப்புறம்தான் ஊசி, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. முழித்ததும் "பிரஷர் இறங்கிச்சாங்க?" என்றுதான் கேட்டேன்.

"இறங்கிச்சு. பிடிச்சு ஏத்திட்டோம்."

பயமே இல்லாத எனக்கும் இறங்கியிருக்கு! சிரித்தேன் பார், தையல் சுரீரென்றது, அப்படியும் நிறுத்த முடியவில்லை. தாகத்தோடு போனவளைப் பயந்து போனாள் என்று இத்தனை வருஷம் பேசிவிட்டார்களே.

உன் மாமியார்க்காரி சித்திரை வீதியில் இன்னும் கல்லு மாதிரி இருக்கிறாள். தையல் ஆறட்டும். நேரே போய், ஒரு சொம்புத் தண்ணி கேட்டு வாங்கி, அவள் எதிரிலேயே முழுசாகக் குடிப்பேன். அப்புறம்தான் பேச ஆரம்பிப்பேன். இது சத்தியம்.

ஜட்காவில் உன் கையைப் பிடித்துக்கொண்டு வந்த தங்கை,
செல்லம்