உங்கம்மா வாங்கின ரப்பர் மிதவை

என் வாலுப் பொண்ணுக்கு அப்பா எழுதறது. இங்க நான் சுகம், உன் மாமா தேறிட்டார், உங்கம்மா எங்க ரெண்டு பேரையும்விட ஒரு சுத்து கூடுதலாவே சுகம். நீ அங்க எப்படி இருக்கேன்னு உண்மையை எழுது, போன்ல சொல்றதை நான் பாதிதான் நம்பறேன். போன்ல பேசினா உங்கம்மா நடுவுல பிடுங்கிக்கிறா, அதனால சைக்கிள் கடையில உக்காந்து எழுதறேன், அங்கங்க கிரீஸ் கறை இருந்தா கண்டுக்காதே.

மாமாவுக்கு நெஞ்சு ஆபரேஷன் ஆனதுல இருந்து, அவரும் உங்கம்மாவும் மீன் பிடிக்கப் போற மரப்படகு கரையில கவுந்தே கிடந்தது. அதைத் தண்ணிக்குள்ள தள்ளவே ரெண்டு ஆள் வேணும், டாக்டர் அவரை ஒரு பக்கெட்கூடத் தூக்க விடல. சரி, அக்காவும் தம்பியும் இனிமே வீட்டோட இருப்பாங்க, மீனைக் கடையில வாங்கிக்கலாம்னு நான் உள்ளுக்குள்ள சந்தோஷப்பட்டேன். எனக்குத் தண்ணின்னாலே பயம்னு உனக்குத்தான் தெரியுமே. ஆனா உன் மாமா ரூமை விட்டே வெளிய வரல, உங்கம்மா ஜன்னல்ல நின்னு ஆத்தையே பாத்துட்டு இருந்தா, வீட்டுல பேச்சே குறைஞ்சு போச்சு. திடீர்னு ஒரு நாள் செருப்பை மாட்டிக்கிட்டு, படகு வாங்கணும் வாங்கன்னு கிளம்பிட்டா. ஆயுசு பூரா லேப்ல ரத்தத்தைச் சோதிச்ச புத்தி லேசுல விடுமா? கடைக்காரர் மோட்டார் வெச்சது, மூணு பேர் உக்கார்றதுன்னு என்னென்னவோ காட்டினார். இவ தனியாத் தூக்க முடியுதான்னு ஒவ்வொண்ணா அசைச்சுப் பாத்து, முடிஞ்சதைத் தோள்ல வெச்சுக் கடையைச் சுத்தி நடந்து பாத்தா. கடைசியில இருக்கறதுலயே சின்னதா, ஒரு ஆள் உக்கார்ற ரப்பர் மிதவையைத் தூக்கிட்டு வந்து இதான் என் படகுன்னுட்டா.

நான் விடல. பஞ்சர் ஒட்டியே பொண்ணைப் படிக்கவெச்சவன் நான், காத்தடிச்ச எதுவும் ஒரு நாள் புஸ்ஸுன்னு போகும், இது குளத்துல குழந்தைங்க விளையாடறதுன்னு சொன்னேன். அதுக்கு அவ, ஆத்துல பாதி நாள் முழங்கால் தண்ணிதான், மரப்படகு தட்டி நிக்கிற பாறை மேல இது வழுக்கிட்டுப் போயிடும்னா. அப்பறம் குரலை இறக்கி, படகு பெருசா இருந்து நான் கரையில நிக்கறதுக்கு, படகு சின்னதா இருந்து நான் தண்ணியில இருந்துட்டுப் போறேனேன்னா. நான் பர்ஸை எடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் ஹால்லயே பம்பு வெச்சு ஊதி, அதுக்குள்ள உக்காந்தே டீ குடிச்சா. அப்பறம் பாத்தா அது வாசக்கதவு வழியா வெளிய போகல, காத்தை இறக்கித்தான் கொண்டுபோனோம். மாமா ஆபரேஷனுக்கப்பறம் அன்னைக்குத்தான் சிரிச்சார்.

முதல் ஞாயித்துக்கிழமை உங்கம்மா மிதவையில போக, நானும் மாமாவும் கரையில நின்னோம். பஞ்சரெல்லாம் ஒண்ணும் ஆகல, காத்து வெளியில இருந்து வந்துது. லேசான மிதவை, ஒரே தள்ளு, நங்கூரத்தையும் இழுத்துக்கிட்டுப் பறக்குது. நான் ஒத்தைச் செருப்போட கரையில ஓடறேன், எனக்குப் பின்னால இருந்து மாமா, அக்கா, எதிர்த்துத் துடுப்புப் போடாதே, போற போக்குல விட்டு ஓரம் ஒதுங்குன்னு கத்தறார். திருப்பத்துல அவ மறைஞ்சுட்டா. நான் அப்படியே மண்ணுல உக்காந்துட்டேன். அப்ப என் மனசு என்ன பாடுபட்டுதுன்னு எழுத வரலம்மா. கொஞ்ச நேரத்துல திருப்பத்துல ரெண்டு கால் முளைச்ச மிதவை ஒண்ணு நடந்து வருது, உங்கம்மா அதைத் தலைமேல கவுத்துப் போட்டுக்கிட்டு வரா! இதுக்குக் கனமான நங்கூரம் வேணுங்கன்னா. எனக்கு வந்த கோவத்துல நான் போட்ட சத்தத்துக்கு அக்கரையில துணி துவைச்சவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. முழுசாக் கேட்டுட்டு, நானும் பயந்துதான் போனேன்னு சொல்லி என் கையைப் பிடிச்சுக்கிட்டா. அதுக்கு மேல என்னத்தைத் திட்டறது.

இப்ப கனமான நங்கூரம் வந்தாச்சு, லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டறதே இல்ல. மாமா கரையில நாற்காலி போட்டு, கழுத்துல விசிலோட உக்கார்றார். காத்துல மரத்து உச்சி ஆடினா விசில், இவ உடனே கரைக்கு. ரூமுக்குள்ளேயே கிடந்த மனுஷன் விடியறதுக்குள்ள வந்து எங்க கதவைத் தட்டறார். மீன் கிடைச்சா தன் விசிலாலதான்னு பீத்தல் வேற.

இன்னொண்ணு சொல்றேன், உங்கம்மாகிட்ட மூச்சு விடாதே. நான் சாயங்காலம் சீக்கிரமே கடையை மூடிட்டு நீச்சல் வகுப்புக்குப் போறேன். என்கூடப் படிக்கிறவங்க எல்லாம் என் இடுப்பு உயரம். சொல்லித் தர்ற பொண்ணு என் கடை வாடிக்கை, செயினுக்கு எண்ணெய் விடலன்னு நான் திட்டினதுக்கெல்லாம் இப்ப வட்டியோட திட்டறா. நேத்து சுவத்தை விட்டுட்டுக் கொஞ்ச தூரம் மிதந்தேன், கூட இருந்த வாண்டுங்க கைதட்டிச்சுங்க. ஒருநாள் உங்கம்மா மறுபடி திருப்பத்துல மறைஞ்சா, நான் மண்ணுல உக்காந்திருக்கக் கூடாதில்லையா.

நல்லா இரும்மா, நினைச்சதெல்லாம் உனக்குக் கூடி வரட்டும். வரும்போது எனக்கு ஒரு நீச்சல் டிரவுசர் வாங்கிட்டு வா, இடுப்புல நிக்கிற மாதிரி, பூப்போடாததா.

இப்போதைக்குக் கரையில நிக்கிற
உன் அப்பா