இடப்பக்க இருக்கை

இன்று மாலை டாக்குரியா பாலத்தின் மேல், நான் வந்த வாடகைக் கார் ஒரு மினிபஸ்ஸுக்குப் பின்னால் சட்டென்று நின்றது. பிரேக் சூடேறிய நாற்றம் கண்ணாடி இடுக்கு வழியாக உள்ளே வந்தது. மடியில் இருந்த புத்தகத்திலிருந்து நிமிர்ந்த வேகத்திலேயே "பாயே ஆட்டோ" என்றேன். இடப்பக்கம் ஆட்டோ. ஓட்டுநர் கண்ணாடியில் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "திதி, டிரைவிங் ஸ்கூல்ல சொல்லிக் கொடுக்கிறீங்களா?" என்று வங்காளத்தில் கேட்டார். இல்லை என்றேன். மீதி வழி முழுக்க வாயை இறுக்கி மூடிக்கொண்டு வந்தேன்.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. உன் நண்பர்கள் நினைவு மலர் ஒன்று போடுகிறார்களாம். உன் துணிச்சலைப் பற்றி நாலு வரி எழுதித் தரும்படி என்னையும் கேட்டார்கள். தரவில்லை. அதற்குப் பதில் இது.

நாம் பெற்றோர் பார்த்துவைத்த ஜோடி. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவரின் மகள் நான். செக்டர் ஃபைவில் பெரிய கம்பெனி ஒன்றில் நீ. இந்த ஊரில் தமிழ் பேசுகிற மாப்பிள்ளை கிடைத்ததே பெரிது என்று என் அம்மா பூரித்துப்போனாள். நிச்சயதார்த்தம் முடிந்ததும் நமக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். உன் அம்மா முன்னால் 'நீங்க', தனியாக இருக்கும்போது 'நீ'. இந்த எழுத்தில் 'நீ'தான். அதற்கு மேல் மரியாதை தர எனக்கு மனமில்லை.

உன் கார்தான் நம்மோடு மூன்றாவது ஆளாக எங்கும் வந்தது. கிடர்பூரில் ஒரு கப்பல் கேப்டன் வெளிநாட்டிலிருந்து இறக்கி, ஓட்டாமல் வைத்திருந்ததை வாங்கியதாகச் சொன்னாய். வெள்ளை நிறம், இரண்டே கதவு, தாழ்ந்த கூரை. பின்சீட்டில் ஒரு பையைத் தவிர யாரும் உட்கார முடியாது. அந்தக் காரின் குணத்தை எனக்கு விளக்க தோசைத் தட்டையே வண்டியாக்கி மேசையில் ஓட்டிக் காட்டினாய். "இழுக்கிறதும் முன்சக்கரம், திரும்புறதும் முன்சக்கரம். ரெண்டு வேலையும் அதுக்குத்தான். வளைவுல வேகம் அதிகமானா மூக்கு வெளியே ஓடும். பயந்து ஆக்சிலரேட்டர்லேருந்து காலை எடுத்தா பின்பக்கம் சுத்திக்கும்." சட்னி மேசையில் சிந்தியது. நீ பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம் என்று அன்று எனக்கு இருந்தது. அதையும் சேர்த்தே இப்போது வெறுக்கிறேன்.

நான் அதிகம் பேசுகிறவள் அல்ல. வீட்டில் எனக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். அப்படிப்பட்டவளைப் பார்த்து, பைபாஸில் முதல் தடவை போனபோதே நீ சொன்னாய்: "பேசிக்கிட்டே வா. இடப்பக்கம் என்னென்ன வருதுன்னு கமென்ட்ரி குடு. உன் குரலைக் கேட்டுக்கிட்டே ஓட்டினா கை தானா திரும்புது."

என் குரலை யாரும் அதுவரை கேட்டு வாங்கியதில்லை. வெட்கத்தோடு ஆரம்பித்தேன். இடப்பக்கம் பஸ். இடப்பக்கம் ஆட்டோ, உள்ளே நுழையப் பார்க்கிறான். இடப்பக்கம் சைக்கிள், பின்னால் பலாப்பழம். பலாப்பழத்துக்கு நீ சிரித்தாய். அடுத்த வாரம் நீ சிரிப்பதற்காகவே இன்னும் கூர்ந்து பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு திரும்பும்போது தொண்டை வறண்டிருக்கும். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போய்த் தனியாகச் சிரித்துக்கொள்வாள். காதல் என்றால் இப்படித்தான் ஆரம்பிக்கும் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். நீ ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாய்.

அந்தக் குளிர்காலத்தில் பர்த்வானுக்கு அப்பால், போர்க்காலத்தில் போட்ட பழைய விமான ஓடுதளத்தில் காரோட்டிகள் ஒரு நாள் ஏற்பாடு செய்திருந்தார்கள். அவரவர் சொந்தக் காரைக் கொண்டுவந்து, கூம்புகளை நட்டு அமைத்த பாதையில் சற்று இடைவெளி விட்டு ஒவ்வொருவராக ஓட்டி நேரம் பார்த்துக்கொள்வது. ஹெல்மெட் போட்டுக்கொண்டால் பக்கத்தில் ஒருவர் உட்காரலாம். என்னை அழைத்துப் போக உன் அம்மாவிடமும் என் அப்பாவிடமும் நீயே அனுமதி வாங்கினாய். வழியில் சக்திகட்டில் நிறுத்தி, பாகில் ஊறிய சூடான லியாங்சா இனிப்பு வாங்கித் தந்து, பாகு என் துப்பட்டாவில் சொட்டாமல் இருக்க உன் கைக்குட்டையை விரித்தாய். இப்படிப்பட்ட சின்னச் சின்னக் கரிசனங்களில் நீ கெட்டிக்காரன்.

பனி விலகாத புல்வெளிக்கு நடுவே சிமென்ட் தளம் ஈரமாகக் கிடந்தது. அண்ணன் முறையில் நீ தாதா என்று கூப்பிடுகிற சிநேகிதன் புபாய் தா அங்கே தொடக்கக் கோட்டுப் பொறுப்பில் இருந்தார். உன் காரைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார். "முன்னாலேருந்து இழுக்கிற வண்டியைக் கொண்டுவந்து ரேஸ்ங்கிற. நம்ம ஊர்க் கை ரிக்‌ஷாக்காரனும் முன்னாலேருந்துதான் இழுக்குறான், அவனையும் கூப்பிடவா?"

"கூப்பிடு தாதா. உன் ஜீப்பை விட அவன் வேகமா போவான்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு புபாய் தா அனைவரையும் வட்டமாக நிற்கவைத்து விதிகளைச் சொன்னார். சிவப்புக் கொடி தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். யாருக்காவது வலிப்பு, மயக்கம், பார்வைக் கோளாறு ஏதாவது உண்டா என்று கேட்டார். நீ என் தோளில் கை போட்டு, "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தாதா, கல்யாணம்" என்றாய். மறுபடியும் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

காரில் ஏறியதும் உன் குரல் மாறியது. "பைபாஸ் மாதிரிதான். ஆனா இங்க கூம்பை மட்டும் சொல்லு. பக்கத்துல, தூரத்துல, இடிக்கப்போகுது. அவ்வளவுதான். வேற எதையும் பார்க்காதே."

முதல் இரண்டு வளைவுகள் வலப்பக்கம். சுலபமாகப் போனாய். மூன்றாவது இடப்பக்கம் இறுகித் திரும்புகிற வளைவு. நான் கூம்புகளைச் சொல்லிக்கொண்டே வந்தேன்: பக்கத்துல, பக்கத்துல, இன்னும் கொஞ்சம் இடம் இருக்கு. அப்போதுதான் புல் ஓரத்தில் நின்றிருந்தவர் சிவப்புக் கொடியை விரித்துக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தார். நமக்கு முன் போன கார் வளைவுக்கு அப்பால் சுழன்று நின்றுவிட்டிருந்தது. நீ வேகத்தைக் குறைக்கவே இல்லை.

"கொடி! சிவப்புக் கொடி!" என்று கத்தினேன்.

"எங்க?" என்றாய்.

என் ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு மனிதர் கையை ஆட்டிக்கொண்டு நிற்கிறார். நீ எங்கே என்று கேட்கிறாய். கேட்டபடியே காலை எடுத்தாய். நீ தோசைத் தட்டில் காட்டியதேதான் நடந்தது: பின்பக்கம் நமக்கு முன்னால் போகப் பார்த்தது. வானம், புல், கூம்பு, மறுபடியும் புல். கார் குறுக்காக நின்று எஞ்சின் அணைந்தது. கொடிக்காரர் புல் ஓரத்துக் குழிக்குள் குதித்திருந்தார். எழுந்துவந்து உன் பக்கத்துக் கூரையை ஓங்கி அறைந்தார். "கானா நாகி தாதா? சோக்கே தேக்கேன் நா?" குருடா, கண் தெரியாதா என்று.

நீ கண்ணாடியை இறக்கிச் சிரித்தாய். "மேடம் பயந்து கத்திட்டாங்க, நான் தடுமாறிட்டேன்" என்று வங்காளத்தில் சொன்னாய். அவர் என்னைக் கோபத்தோடு பார்த்தார். உன்னை அல்ல, என்னை.

திரும்பி வந்து, டயர்க் காற்றைப் பற்றி நீ யாருடனோ பேசிக்கொண்டிருந்தாய். நான் உன் இடப்பக்கம் வந்து நின்றேன். ஒரு கை தூரம்கூட இல்லை. நாக்கை நீட்டினேன். குழந்தைகள் செய்வது போல, முழு நாக்கையும். உன்னோடு பேசிக்கொண்டிருந்தவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். நீ காற்றழுத்தத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாய்.

"எவ்வளவு நாளா?" என்று உன்னைத் தனியே அழைத்துக் கேட்டேன்.

"என்னது?"

"கண்ணு."

நீ சுற்றும் முற்றும் பார்த்தாய். அதற்கு உன் தலை எவ்வளவு தூரம் திரும்ப வேண்டியிருந்தது என்பதை முதன்முதலாக அப்போது கவனித்தேன். "காலேஜ்ல, கிரிக்கெட் பந்து. அது பழைய கதை. இன்னொண்ணு நல்லாத்தான் இருக்கு."

"எங்கிட்ட ஏன் சொல்லலே?"

"சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பியா?"

"கேட்டிருந்தாத்தானே தெரியும்."

"இப்ப என்ன ஆயிடுச்சு? நீ சொல்ற, நான் ஓட்டுறேன். நல்ல ஜோடிதானே. அடுத்த ரன் இருக்கு, ஏறு."

"ஏறமாட்டேன்."

"நீ இல்லாம என்னால அந்த வளைவை எடுக்க முடியாது. புரியுதா? ஏறு."

அதுதான் நீ என்னிடம் சொன்ன முதல் உண்மை. அதையும் அதட்டலாகத்தான் சொன்னாய். நான் நகரவில்லை. கெஞ்சினாய். பிறகு, புபாய் தா காதில் விழும்படி, "இவ கல்யாணத்துக்கப்புறமும் ஆட்டோலதான் வருவா போல. மேடத்துக்கு வேகம்னா நடுக்கம்" என்றாய். கோட்டருகே நின்ற எல்லோரும் சிரித்தார்கள். உன் பெயரைக் கூப்பிட்டபோது, பக்கத்தில் இருப்பவளுக்குப் பயம், அதனால் விலகிக்கொள்கிறேன் என்று பெருந்தன்மையோடு கையை விரித்தாய். நான் கையிலிருந்த ஹெல்மெட்டை அந்த இடப்பக்க இருக்கையில் வைத்துவிட்டு, ஒரு டோட்டோ பேட்டரி ரிக்ஷாவைப் பிடித்து ஸ்டேஷனுக்குப் போய் லோக்கல் ரயிலில் ஹவுரா வந்தேன்.

நீ அன்று மாலை தனியாகவே ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாய். ஒரு கீறல் இல்லை. தலையைத் திருப்பித் திருப்பி, நிதானமாக ஓட்டினால் உனக்கு யாரும் தேவைப்படவில்லை. பிழைப்பதற்கு நான் வேண்டியிருந்தால் அது வேறு. ஓரிரு நொடி முந்துவதற்கு நான் வேண்டியிருந்தது. அதற்காக என்னையும், கொடி பிடித்த ஒரு மனிதரையும் பணயம் வைத்தாய்.

நிச்சயம் முறிந்தது. உண்மையை என் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். "ஒரு கண்ணுக்காகவாடி?" என்றாள். அந்த நிமிடமே மற்றவர்களிடம் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். ஒற்றைக் கண்ணனை விட்டவள் என்ற பெயரை விட, வேகத்துக்குப் பயந்த கோழை என்ற பெயர் பரவாயில்லை. உன்னை உன் கண்ணோடு கட்டிக்கொண்டிருப்பேன் என்பதை இங்கே ஒருமுறை எழுதிவைக்கிறேன். சந்தோஷமாக, வாழ்நாள் முழுக்க இடப்பக்கம் சொல்லிக்கொண்டு வந்திருப்பேன். கேட்டிருந்தால்.

இரண்டு வருடம் கழித்து ஒரு வார டெங்குக் காய்ச்சலில் நீ போனாய். பதினாறாம் நாள் காரியத்துக்கு சால்ட் லேக்கில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

"வேகம்னா உனக்குப் பயம்னு முதல்லயே சொல்லியிருந்தா அந்தக் காரையே வித்திருப்பான்மா" என்றாள். சுற்றியிருந்த பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். "ஆனா ஒண்ணு. நிச்சயத்துக்கு முன்னாடியே கண்ணு விஷயத்தைச் சொன்னானாமே உங்கிட்ட. கேட்டும் நீ சரின்னு சொன்ன பாரு. அதை மட்டும் நான் மறக்க மாட்டேன்."

இத்தனை நாளும் நீ அவளையும் ஏமாற்றியிருக்கிறாய். மாலை போட்ட படத்திலிருந்து இரண்டு கண்ணாலும் பார்த்துச் சிரித்தாய். உன் பொய்யைக் காப்பாற்றச் சொல்லி அந்த அறையில் எல்லாமே கேட்டது: ஊதுபத்தி, பாய், அவள் கையின் சூடு.

"சொல்லலே அத்தை" என்றேன். "கார்ல போறப்பதான் நானா கண்டுபிடிச்சேன். அதுக்கப்புறம்தான் இறங்கினேன்."

"இந்த நேரத்துல என்ன பேச்சு இது?" என்று ஒரு பெண் என்மேல் சீறினாள்.

"நீ சும்மா இரு" என்று உன் அம்மா அவளை அடக்கினாள். என் கையை விடவில்லை. எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள். "இவன் அப்பாவுக்குச் சர்க்கரைன்னு கல்யாணமாகி மூணு மாசம் கழிச்சுத்தான் எனக்குத் தெரியும். ஊசியை அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தாங்க, மாமியாரும் மகனுமா சேர்ந்து." என் கையை ஒருமுறை அழுத்தினாள். "நீ இறங்கிட்ட. நான் இறங்கலே."

போனவனிடம் என்ன பகை, இறக்கி வை என்கிறார்கள். நான் இறக்கி வைக்கவில்லை. நீ இறந்ததற்காக அதில் தள்ளுபடியும் செய்யவில்லை. உன்னிடமிருந்து எனக்கு வந்தவற்றில் நான் விரும்பி வைத்திருப்பது உன் அம்மாவின் அந்த இரண்டு வாக்கியங்களை மட்டும்தான். அவை உன்னுடையவை அல்ல.