ஜன்னலை அடைத்த முள்கொடி

அன்புச் சிட்டுவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம், அப்பாவின் முழங்கால் உட்பட. அங்கே குளிரில் நீயும் மாப்பிள்ளையும் இருமல் சளி இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதத் தொடங்குகிறேன்.

போவதற்கு முன் நர்சரியிலிருந்து ஒரு முள் குச்சியைப் பெயர்கூடக் கேட்காமல் வாங்கி வந்து, அண்ணியின் தையல் அறை ஜன்னலுக்கு வெளியே நட்டுவிட்டுப் பறந்துவிட்டாய் அல்லவா, இந்தக் கடிதம் முழுக்க அதன் கதைதான். அது ஜன்னல் கம்பியில் ஏறி இலையாக அடைத்துக்கொண்டு, அண்ணி பட்டப்பகலில் விளக்குப் போட்டு ஊசியில் நூல் கோக்கும்படி ஆகிவிட்டது. போதாததற்கு, தைத்து வாங்க வந்த ஒரு பெண்ணின் புதுக் கவுன் முள்ளில் மாட்டிக் கிழிந்தது. அன்றைக்கு அண்ணி கத்தரிக்கோலோடு வந்து, "அத்தை, பூவும் இல்ல, காயும் இல்ல, வெளிச்சத்தை மட்டும் திங்குது. உங்க பொண்ணு நட்டதுன்னுதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன், அப்புறம் வேரோட எடுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை, கண்தானே அவள் பிழைப்பு. ஆனாலும் நீ நட்டது, எனக்கு மனசு கேட்கவில்லை.

அப்பாவோ, "முள்ளைப் பாத்தாலே தெரியலையா, எலுமிச்சை! கொஞ்சம் பொறு மருமகளே, எல்லாரும் ஜூஸ் குடிக்கலாம்" என்றார். ஓர் இலையைக் கசக்கி அவர் மூக்கருகே நீட்டினேன், எலுமிச்சை வாசனை துளியும் இல்லை. நான் டீச்சராக இருந்த காலத்தில், வகுப்புக்குப் புதிதாக வந்த பையன் பெயர் சொல்லாவிட்டாலும், காதையும் நடையையும் வைத்து யார் வீட்டுப் பிள்ளை என்று கண்டுபிடிப்போமே, அப்படித்தான் பார்த்தேன். ஒவ்வொரு இலைக் காம்பின் அக்குளிலும் லேசாக வளைந்த ஒரு முள். சுற்றிக்கொள்ளப் பற்றுக்கம்பி கிடையாது, முள்ளாலேயே கொக்கி போட்டு ஏறுகிறது. இந்த வெயிலில் மற்றச் செடியெல்லாம் மொட்டையாக நிற்க, இது மட்டும் பச்சை குறையவில்லை. காகிதப்பூவேதான்! பிறகு ஏன் பூக்கவில்லை? விசாரித்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. பழத்தை எதிர்பார்த்துக் காலையில் அப்பா ஒரு வாளி, காய்கறி கழுவிய தண்ணீரை நான், வண்டி கழுவிய கையோடு அண்ணன். உன் செடியாயிற்றே என்று ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஊற்றியிருக்கிறோம். தண்ணீர் அதிகமானால் இது இலையாகவே தள்ளும், பூக்காது; வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் பரீட்சை அறையில் தூங்குகிற பையனாக அது ஆகிவிட்டது.

தண்ணீரை அடியோடு நிறுத்தினேன். அப்பாவால் தாங்க முடியவில்லை, ஒருநாள் சொம்பும் கையுமாகப் பிடிபட்டு, "சும்மா கை கழுவினேன்" என்றார். இலைகள் துவண்டு தொங்கின, மாதமும் முடிய இருந்தது. அண்ணியே வந்து, "அத்தை, இது பூக்கப் போகுதா சாகப் போகுதா?" என்று கேட்டாள். "இன்னும் ரெண்டு நாள் பொறு" என்றேன். அப்புறம் ஒரு காலையில் நுனியெல்லாம் சிவப்புப் பொட்டு, அந்த வாரத்திலேயே ஜன்னலே தெரியாத அளவுக்கு ஒரே சிவப்பு. நாம் பூ என்கிற அந்தச் சிவப்பெல்லாம் நிறம் மாறிய இலைதான், நடுவில் இருக்கிற வெள்ளைத் துணுக்குதான் பூ என்று விளக்கினேன். "இலையே பூவாகும்போது எலுமிச்சை வராதா என்ன?" என்று அப்பா இன்னும் விடவில்லை.

அண்ணி மட்டும், "பூத்தது சரி, என் வெளிச்சம்?" என்றாள். பூத்து ஓய்ந்ததும் இதை வெட்டித்தான் விட வேண்டும், அப்போதுதான் புதுக் கிளையில் மறுபடி பூக்கும் என்று நான் சொன்னதுதான் தாமதம், சிவப்பு உதிர்ந்த கையோடு ஸ்டூல் போட்டு ஏறி, கவுனுக்குக் கழுத்து வெட்டுகிற மாதிரி ஜன்னலைச் சுற்றி வளைவாக வெட்டிவிட்டாள். அறை முழுக்க வெளிச்சம், சுற்றிலும் புதுத் துளிர், இப்போது மறுபடி சிவக்கத் தொடங்கியிருக்கிறது. வாடிக்கைக்காரர்கள் வாசலில் நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள்.

உன் பால்கனியில் வளர்க்க ஆசைப்பட்டால் சின்னத் தொட்டியே போதும், நல்ல வெயில் இருக்கட்டும், மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர், குளிர் வந்தால் உள்ளே எடுத்து வை. ஆனால் குச்சிக்கு என்னிடம் வராதே. முந்தாநாள் ஒரு கொத்து பறிக்கக் கை நீட்டினேன், ஜன்னலுக்குள்ளிருந்து, "அத்தை, யாரைக் கேட்டு?" என்று குரல் வந்தது.

இருவரும் நிறைந்த ஆயுளோடு, சிரித்த முகமாக இருக்க வேண்டும். அண்ணிக்குத் தனியாக நாலு வரி எழுது, மறந்துவிடாதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா